ஒரு தாய், மூன்று படிவம்: சுவிஸ் மருத்துவச்சிகளின் வீட்டு வேலையை எப்படி எண்ணுவது

சுவிட்சர்லாந்தில் பிரசவமான பெண்ணைப் பற்றி மருத்துவமனை வைத்திருக்கும் கணக்கு, அவர் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பும் நாளோடு முடிந்துவிடுகிறது. பிறப்பை 3 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகத்துக்குப் போகும். மருத்துவமனைகளின் மருத்துவப் புள்ளிவிவரமும் 1998 முதல் அதே அலுவலகத்துக்குப் போகிறது. இந்த இரண்டிலும் தாயின் நான்காவது நாள், குழந்தையின் பத்தாவது நாள், பால் கட்டிக்கொண்ட மார்பு, ஆறாத தையல் எதுவும் கிடையாது. அதையெல்லாம் பார்ப்பவர் தனியாகத் தொழில் செய்யும் மருத்துவச்சி. இந்த வேலைக்காக அவர் எந்த மருத்துவமனையின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. வீடு வீடாகப் போவார். கட்டணத்தை நேரே காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்பார்.

2012 ஜனவரி 1 முதல் மருத்துவமனைகளுக்குப் படுக்கை நாள் கணக்கில் அல்லாமல், நோயாளிக்கு இவ்வளவு என்ற தொகையாகப் பணம் தரும் முறை நாடு முழுவதும் வந்தது. பெண்ணை இன்னொரு நாள் வைத்திருப்பதில் மருத்துவமனைக்கு லாபம் இல்லாமல் போனதால், வார்டில் செவிலியர் பார்த்த வேலையில் ஒரு பங்கு வீட்டுக்கு, மருத்துவச்சியின் பைக்குள் வந்து சேர்ந்தது. ஆகவே அந்த வேலையை எண்ணாமல் விட்டால், நாட்டின் மகப்பேறு கவனிப்பில் பெரும்பகுதி ஏட்டிலேயே இல்லை என்றாகிவிடும்.

எண்ணும் பொறுப்பு 1894-இல் தொடங்கப்பட்ட சுவிஸ் மருத்துவச்சிகள் சங்கத்துடையது. சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவும் அதன் விதிகளின் 77-ஆம் பிரிவும் தர உறுதிப்பாட்டைக் கட்டாயமாக்குகின்றன. காப்பீட்டில் பணம் வாங்குகிறவர் தரத்தைக் காட்ட வேண்டும் என்பதுதான் சாரம். இதன் அடிப்படையில் தொகுக்கப்படும் தரவை ஆய்ந்து ஆண்டறிக்கையாக்கும் வேலையை விண்டர்தூரில் உள்ள சூரிச் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தின் மகப்பேறு ஆய்வுப் பிரிவு செய்து வருகிறது. ஜெர்மனியில் 1999 முதல் ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு உண்டு. ஆனால் அது மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் பிரசவங்களை மட்டும் எண்ணுகிறது. சுவிஸ் கணக்கு கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், பேற்றுக்குப் பின் வரும் வீட்டுப் பார்வை, பாலூட்டல் ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

இப்படியொரு கணக்கில் கடினமானது கூட்டல் கழித்தல் அல்ல, ‘ஒன்று’ என்பது எது என்று முடிவு செய்வது. ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கர்ப்பகாலத்தில் நான்கு பரிசோதனைக்கு ஒரு மருத்துவச்சியிடம் போகிறார். பிரசவத்துக்கு, மருத்துவச்சிகளே நடத்தும் ஒரு பிரசவ இல்லம். அங்கே பார்ப்பவர் வேறொருவர். பேற்றுக்குப் பின் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதால் அந்த ஊரில் மூன்றாமவர். மூன்று பேரும் தத்தம் படிவத்தைச் சரியாகவே நிரப்புகிறார்கள், ஒருவரும் தவறு செய்யவில்லை. நாடளவில் கூட்டும்போது அந்தப் பெண் மூன்று பெண்ணாகிவிடுகிறார். ஆண்டு முழுவதற்குமான மொத்தத்தை நாட்டின் பிறப்பு எண்ணிக்கையால் வகுத்து, ‘இத்தனை சதவீதத் தாய்மாருக்கு மருத்துவச்சி கிடைத்தார்’ என்று எழுதினால் அது தப்புக் கணக்கு. கிடைப்பது மருத்துவச்சிகள் பார்த்த கவனிப்புகளின் எண்ணிக்கை. பெண்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. அறிக்கையைப் படிக்கும் பத்திரிகைகள் முதலில் தவறுவது இந்த இடத்தில்தான்.

இலங்கையிலிருந்து போன தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு தேடி வரும் மருத்துவமாது புதிதல்ல. ஆனால் இலங்கையில் ஒரு பகுதிக்கு ஒருவர் என்று அரசே ஒதுக்கியிருப்பதால், அவருடைய பதிவேடே அந்தப் பகுதியின் கர்ப்பிணிகள் பட்டியல். எதை எதனால் வகுப்பது என்ற கேள்வியே எழாது. சுவிஸில் பெண்தான் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். யாருக்குக் கிடைக்கவில்லை என்பது எந்த மருத்துவச்சியின் படிவத்திலும் வராது. மொழி தெரியாத தாய்மார் இந்த ஓட்டையில்தான் காணாமல் போகிறார்கள். ‘எந்த மொழியில் பேசினீர்கள், யார் மொழிபெயர்த்தார்’ என்ற இரண்டு கட்டங்களைச் சேர்த்தால் கிடைத்தவர்களின் நிலையாவது தெரியும். கணவரோ பத்து வயது மகளோ மொழிபெயர்த்த வீடுகள் எத்தனை என்பது தெரிந்துகொள்ள வேண்டிய எண்.

மூன்று படிவத்தை ஒரு பெண்ணாக இணைக்க வழி இல்லாமலில்லை. 13 இலக்க சமூகக் காப்பீட்டு எண் எல்லாரிடமும் இருக்கிறது. கட்டண விண்ணப்பத்திலும் அது வருகிறது. அதை அப்படியே புள்ளிவிவரக் கோப்புக்குள் விடக்கூடாது. சரி, குழப்பிக் குறியீடாக்கிவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். அந்த எண் 756 என்று தொடங்குகிறது, கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். நடுவில் மாறக்கூடியவை 9 இலக்கங்கள்தான். அதாவது 100 கோடி சாத்தியங்கள். வெறும் ஹேஷ் (ஒரு எண்ணை எப்போதும் ஒரே குறியீடாக மாற்றும், பின்னோக்கிப் பிரிக்க முடியாத கணக்கு) போட்டால், எல்லா எண்ணுக்கும் ஹேஷ் போட்டுப் பார்த்து ஒரு சாதாரண மடிக்கணினி சில நிமிடங்களில் உடைத்துவிடும். ரகசியச் சாவி சேர்த்த ஹேஷ் வேண்டும். அந்தச் சாவி சங்கத்திடமும் இருக்கக்கூடாது, ஆய்வாளரிடமும் இருக்கக்கூடாது. மூன்றாவது ஒரு இடத்தில் இருக்க வேண்டும்.

சாவி ஏற்பாடு முடியாவிட்டால் தாயின் பிறந்த தேதி, குழந்தையின் பிறந்த தேதி, 4 இலக்க அஞ்சல் குறியீடு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். சுவிஸ் அளவுக்குச் சிறிய நாட்டில் இது பெரும்பாலும் ஒரே பெண்ணைத்தான் காட்டும். இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, அம்மா வீட்டுக்குப் போன பெண். மருத்துவச்சி தான் போன வீட்டின் குறியீட்டை எழுதினால் இணைப்பு அறுந்துவிடும்; காப்பீட்டு அட்டைக்குரிய முகவரியைத்தான் எழுத வேண்டும் என்று கட்டத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். இன்னொன்று, பிறந்த தேதிக்குச் சான்று இல்லாமல் அகதியாக வந்தவர்கள். இவர்களில் பலருக்கு ஏட்டில் ஜனவரி 1 என்றே இருக்கும். ஒரே முகாமில் ஒரே வாரத்தில் பிரசவித்த இருவர் ஒருவராகிவிடக்கூடும். ஜனவரி 1 வரும் இணைப்புகளைத் தனியே ஒதுக்கிக் கையால் பார்ப்பது நல்லது.

அடுத்து, ஆண்டு. டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தையின் 56-ஆம் நாள் பிப்ரவரி 25. காப்பீட்டுக் கவனிப்பு அதுவரை ஓடுகிறது. ஜனவரி நடுவில் கோப்பை மூடினால் நவம்பர், டிசம்பர் பிரசவங்களின் வீட்டுப் பார்வைகள் எல்லாம் குறைப்பட்டுத் தெரியும். ஆண்டுக் கடைசியில் கவனிப்பு சரிந்தது போல வரைபடம் பொய் சொல்லும். குழந்தை பிறந்த தேதி எந்த ஆண்டோ அந்த ஆண்டுக் கணக்கு, கோப்பு மூடுவது மார்ச் கடைசியில் என்று வைத்தால் தொல்லை தீரும். கரு கலைந்தவர்கள், பாதியில் ஊர் மாறியவர்கள் ஆகியோருக்குப் பிறந்த தேதி இருக்காது. அவர்களுக்குக் கடைசியாகச் சந்தித்த தேதி. இந்த இரண்டாம் விதியை எழுத மறந்தால் அந்தப் பெண்கள் எந்த ஆண்டிலும் வராமல் விழுந்துவிடுவார்கள்.

வீட்டுப் பார்வைகளின் எண்ணிக்கையைப் படிக்கக் காப்பீட்டு விதி தெரிந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் 56 நாளுக்குள் பொதுவாக 10 பார்வை. தலைப்பிரசவம், இரட்டை, குறைமாதம், சிசேரியன் ஆகியவற்றுக்கு 16. முதல் 10 நாளில் ஒரே நாளில் இரண்டாம் முறை போவதை 5 தடவை வரை சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் மருத்துவர் சீட்டு வேண்டும். பணம் எங்கே நிற்கிறதோ அங்கே எண்ணும் குவியும்: வரைபடத்தில் 10-இலும் 16-இலும் முட்டு தெரிந்தால், அது தாய்மாரின் தேவை பற்றிய செய்தியல்ல, விதி பற்றிய செய்தி. சராசரியை மட்டும் போட்டால் இந்த முட்டு மறைந்துவிடும். எத்தனையாவது பிரசவம், எந்த முறையில் பிரசவம் என்ற இரண்டு கட்டமும் காலியாக இருந்தால் பார்வை எண்ணிக்கையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் 10-க்கு உரியவரா 16-க்கு உரியவரா என்றே தெரியாது. 21-ஐத் தாண்டிய படிவத்தில் மருத்துவர் சீட்டு பற்றிய குறிப்பு இல்லாவிட்டால் திருப்பிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் ‘பார்வை’ கட்டத்தில் தொலைபேசி அழைப்புகளையும் சேர்த்திருப்பார்கள்.

பிரசவம் நடந்த இடம் என்ற கட்டம் பார்க்க எளிது, உள்ளே பொறி. 100 பெண்கள் வீட்டிலோ பிரசவ இல்லத்திலோ பெறத் திட்டமிட்டு வலி எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 15 பேரை நடுவழியில் மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவர்களில் 6 பேருக்கு சிசேரியன். குழந்தை வெளியே வந்த இடத்தை வைத்துப் பிரித்தால் வீட்டுப் பிரசவத்தில் சிசேரியன் 85-க்கு 0. வீட்டில் யாரும் அறுவை செய்வதில்லை, வேறென்ன வரும்? வலி எடுத்தபோது இருந்த திட்டத்தை வைத்துப் பிரித்தால் 100-க்கு 6. இரண்டாவதுதான் ஒரு பெண் முடிவெடுக்கப் பயன்படும் எண். முதல் எண்ணை வீட்டுப் பிரசவ ஆதரவாளர்களும், மாற்றி அனுப்பப்பட்டவர்களின் விளைவை மருத்துவமனைத் தலையில் கட்டாதே என்று எதிர்ப்பாளர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சண்டை போடுவார்கள். இரண்டு தரப்பும் ஒரே கட்டத்தின் குறையை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள்.

ஆகவே இடத்தை மூன்று முறை கேட்க வேண்டும்: பதிவு செய்தபோது எங்கே என்று முடிவு, வலி எடுத்தபோது எங்கே என்று முடிவு, பிறந்தது எங்கே. மாற்றியிருந்தால் எப்போது (வலிக்கு முன், வலியின்போது, பிறந்த பின்), யாரை (தாயை, குழந்தையை, இருவரையும்), எதற்கு, அவசரமா நிதானமா. வலி நீண்டு களைத்துப்போய் மருத்துவமனைக்குப் போனதும், இதயத்துடிப்பு இறங்கி ஆம்புலன்சில் போனதும் ஒரே ‘மாற்றம்’ என்று விழுந்தால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. ஒப்பந்தத்தின் பேரில் தன் பெண்ணோடு மருத்துவமனைக்குள்ளேயே வந்து பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளும் உண்டு. அவர்கள் ‘மருத்துவமனை’ என்று குறிப்பது திட்டம், மாற்றம் அல்ல. தனிக் குறியீடு கொடுக்காவிட்டால் மாற்ற விகிதம் வீங்கிவிடும்.

கர்ப்ப வாரத்துக்கு வருவோம், சின்ன விஷயம்தான். மருத்துவச்சி 39+4 என்று எழுதுகிறார்: 39 வாரம், 4 நாள். விரிதாளில் சமக்குறியோடு விழுந்தால் அது கூட்டி 43 ஆக்கிவிடும். சிலர் 39.4 என்று தட்டுவார்கள், அதைத் தசமமாக எடுத்தால் ஏறக்குறைய மூன்று நாளாகிவிடும். வாரம் ஒரு கட்டம், நாள் ஒரு கட்டம், உள்ளே சேமிப்பது மொத்த நாளாக: 277. குறைமாதம் என்பது 37 முழு வாரத்துக்குக் கீழே, அதாவது 259 நாளுக்குக் கீழே. 36+6-ஐ 37 என்று முழுமையாக்கி எழுதும் பழக்கம் ஒரு மாநிலத்தில் பரவினாலே போதும், அங்கே குறைமாதப் பிறப்பு குறைந்துவிட்டதாக அறிக்கை வரும்.

எடையும் அப்படித்தான். 3450 கிராம் என்று ஒருவரும் 3,45 என்று இன்னொருவரும் எழுதுவார்கள். படிவம் கிராமை மட்டும் ஏற்க வேண்டும். 500-க்குக் கீழும் 6000-க்கு மேலும் போனால் ‘நிச்சயமா?’ என்று கேட்க வேண்டும், தடுக்கக் கூடாது. கடுமையாகத் தடுக்கும் மென்பொருள் பொய்யை வரவழைக்கும். குழந்தை இறந்து பிறந்த வீட்டுக்கும் மருத்துவச்சி போகிறார். குழந்தையின் தினசரி எடைக் கட்டம் கட்டாயம் என்று வைத்தால், அந்தத் தாயின் படிவத்தை மூட ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இருக்காது. குழந்தை இன்குபேட்டரில், தாய் வீட்டில் என்ற நிலைக்கும் தனி வழி வேண்டும்.

வெற்றிடம் என்பது ‘இல்லை’ ஆகாது. குதிகால் ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளலாம். பிறந்து 72 முதல் 96 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி, வடிதாள் அட்டையின் வட்டங்கள் பின்புறம் வரை நனையும்படி ரத்தச் சொட்டுகளை விட்டு, உலர வைத்து, சூரிச் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வகத்துக்கு அஞ்சலில் அனுப்புகிறார்கள். இரண்டாம் நாளே வீடு திரும்பியவருக்கு இதை மருத்துவச்சி வீட்டில் செய்கிறார். ஐந்தாம் நாள் திரும்பியவருக்கு மருத்துவமனையே முடித்திருக்கும். படிவத்தில் ‘செய்தேன்’ என்ற ஒரே ஒரு டிக் கட்டம் இருந்தால், டிக் இல்லாதது மருத்துவமனை செய்ததா, பெற்றோர் மறுத்ததா, மருத்துவச்சி டிக் போட மறந்ததா என்பது யாருக்கும் தெரியாது. நான்கு விடை தேவை: நான் செய்தேன், வேறிடத்தில் செய்தார்கள், செய்யவில்லை, தெரியாது. முன்கூட்டியே எந்த விடையும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக் கூடாது. களைத்துப்போய் இரவு பத்து மணிக்குப் படிவம் நிரப்புகிறவர், ஏற்கெனவே டிக் ஆகியிருப்பதை மாற்ற மாட்டார்.

தாய்ப்பால் கணக்குதான் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுவது, மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் அதுவே. ‘கவனிப்பு முடிந்தபோது தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள்’ என்று ஒரு வரி. கவனிப்பு எப்போது முடிந்தது? ஒருவருக்கு எட்டாம் நாள், இன்னொருவருக்கு ஐம்பதாம் நாள். எட்டாம் நாள் தாய்ப்பால் மட்டும் என்றிருந்தவர் மூன்றாம் வாரம் புட்டிக்கு மாறியிருக்கலாம். சீக்கிரம் விடைபெறும் மருத்துவச்சியின் எண் அழகாகத் தெரியும். சிக்கல் உள்ள தாயிடம் கடைசிவரை நின்றவரின் எண் மோசமாகத் தெரியும். கடைசிப் பார்வையின் தேதி இல்லாமல் இந்த வரியை வெளியிடுவதே தப்பு என்பது என் கட்சி. கொடுக்கும் வைட்டமின் சொட்டுகள் கணக்கைக் கெடுக்காது என்பதையும் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். சுவிஸில் வைட்டமின் கே வாய்வழியாக மூன்று முறை கொடுப்பது வழக்கம். வைட்டமின் டி தினமும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி இவற்றைக் கொடுத்தாலும் அது ‘தாய்ப்பால் மட்டும்’தான். எழுதாவிட்டால் சிலர் இதற்காகவே ‘கலப்பு’ என்று குறித்துவிடுவார்கள்.

யாரிடமிருந்து தரவு வரவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? காப்பீட்டுக் கட்டணம் கேட்க ஒவ்வொரு மருத்துவச்சிக்கும் ஒரு பட்டியல் எண் உண்டு. அந்தப் பட்டியலே எண்ணத் தொடங்கும் இடம். அதில் இரண்டு ஓட்டை. எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஆண்டு ஒரு பெண்ணைக்கூடப் பார்க்காதவர்கள் இருப்பார்கள். ‘இந்த ஆண்டு பூஜ்யம்’ என்று அவர்களிடமிருந்தும் ஒரு வரி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் வேலை செய்யாதவரும் தரவு தராதவரும் ஒன்றாகவே தெரிவார்கள். இன்னொன்று, மருத்துவச்சிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனங்கள். எட்டுப் பேர் வேலை செய்தாலும் கட்டணம் ஒரே எண்ணில் போகும். ‘ஒரு மருத்துவச்சி ஆண்டுக்கு 400 பேரைப் பார்த்தார்’ என்பது போன்ற அதிசயங்கள் அங்கிருந்துதான் வரும்.

மென்பொருள்கள் பல. ஒவ்வொன்றும் தன் குறியீட்டில் ஏற்றுமதி செய்யும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்று பதிப்பு வேறு. விடைகளைச் சொல்லாகச் சேமிக்காமல் எண்ணாகச் சேமிப்பது, புதுப் பதிப்பு வந்தால் பழைய எண்ணை வேறு பொருளுக்கு மறுபடி பயன்படுத்தாமல் இருப்பது ஆகிய இரண்டும் இருந்தால் பாதித் தலைவலி போகும். புதுப் படிவத்தை வெளியிடும் முன், எழுதித் தயாரித்த பத்து மாதிரிப் பெண்களின் விவரத்தை மூன்று மொழியிலும் இருபது மருத்துவச்சிகளிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும். விடை எங்கே பிரிகிறதோ அந்தக் கேள்விதான் தவறு, நிரப்பியவர்கள் அல்ல.

தரவு கொடுத்தவருக்கு ஏதாவது திரும்பிப் போக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு படிவம் ஏனோதானோவென்று வரும். அவரவர் எண்ணை நாட்டு நடு எண்ணோடு வைத்து அனுப்புவது வழக்கம். இங்கே ஒரு எச்சரிக்கை: ஆண்டுக்கு 30 பிரசவம் பார்த்து ஒன்றில்கூடக் கடுமையான கிழிசல் வரவில்லை என்றால், ‘உங்கள் விகிதம் 0’ என்று எழுதக்கூடாது. மூன்றை எண்ணிக்கையால் வகுக்கும் பழைய சூத்திரப்படி, 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிந்தது ‘10 சதவீதத்துக்கு மேல் இருக்காது’ என்பது மட்டுமே. மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்து அனுப்புவது மேல்.

வெளியிடும்போது மாநிலவாரி அட்டவணை எல்லாரும் கேட்பார்கள். 26 மாநிலங்களில் அப்பென்செல் இன்னர்ரோடன் போன்றவை மிகச் சிறியவை. மொத்த மக்கள்தொகையே சுமார் 16,000. அங்கே ‘வீட்டுப் பிரசவம்: 2, மாற்றம்: 1’ என்று போட்டால் ஊருக்கே யாரென்று தெரிந்துவிடும். 5-க்குக் கீழான கட்டங்களை மறைப்பது போதாது. வரிசையின் கூட்டுத்தொகை தெரிந்தால் மறைத்ததைக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம், ஆகவே இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். அதைவிட எளிது, புள்ளியியல் அலுவலகம் பயன்படுத்தும் 7 பெருவட்டாரங்களாகச் சேர்த்து வெளியிடுவது. ஆனால் போன ஆண்டு வட்டாரமாகவும் இந்த ஆண்டு மாநிலமாகவும் வெளியிட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை, வெளியிடும் முன்பே ஒருவர் உட்கார்ந்து கழித்துப் பார்த்துவிட வேண்டும்.